துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடி மூக்கை யோசிங்க

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். மக்காச்சோளம், மாடு, மழைன்னு எழுதுகிறவனுக்குக் கார் பெயின்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தப் பெயின்ட் என் தொழுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சாஃப்ட்வேர் வேலை. அவன் காரின் பானெட்டும் கூரையும் வெயிலில் கிளியர் கோட் உரிந்து, பாம்புச் சட்டை மாதிரி கிடந்தன. சென்னையில் முழு வண்டிக்கு ஐம்பதாயிரம் கேட்டார்களாம்.

"எதுக்கு மாமா அம்பதாயிரம்? கன் ரெண்டாயிரம், பெயின்ட் பத்தாயிரம். நானே அடிச்சிருவேன். எல்லாம் வீடியோல பாத்துட்டேன்."

டிக்கியைத் திறந்தான். ஸ்ப்ரே கன், வாடகைக்கு எடுத்த 1 ஹெச்பி கம்ப்ரசர், பெயின்ட் டப்பா, ஹார்டனர், தின்னர் எல்லாம் தயார். எங்கே வைத்து அடிப்பதாம்? தொழுவத்தில். தூசி ஒட்டாமல் இருக்க நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொள்வானாம். பக்கத்தில் என் சோளத்தட்டைப் படப்பு. மூஞ்சிக்கு என்னடா என்று கேட்டேன். கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கை எடுத்துக் காட்டினான்.

அந்த நேரம் பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"ஏப்பா, இது என்ன மருந்து?"

"மருந்து இல்ல பெரிம்மா, பெயின்ட்."

"தீப்பிடிக்குமா?"

"பிடிக்கும்..."

"அப்ப மருந்துதான். நீ போட்டுருக்குற பனியன் பாலியெஸ்டரா? இத மாட்டிக்கிட்டு வந்தா எங்க ஆபீஸ் கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக. ஆமா, இந்தத் துணியவா மூஞ்சில கட்டப் போற?"

சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பட்டம் வாங்கியவனிடம் பதில் இல்லை.

உங்களில் பலருக்கு அச்சங்குளம் என்ற பெயர் ஒரே ஒரு காரணத்தால்தான் தெரியும். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. இங்கே பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்கு நகரத்திலிருந்து எத்தனை உபதேசம் வந்தது! கவனக்குறைவு, விதிகளை மதிப்பதில்லை, காசுக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்றெல்லாம். அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும், பருத்தித் துணிதான் உடுத்தணும் என்று விதி இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பிணம் எண்ணியிருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். எங்களுக்கு உபதேசம் செய்த நீங்கள், உங்கள் கார் ஷெட்டில் என்ன செய்கிறீர்கள்? ஷட்டரை இறக்கி, நாலு சுவருக்குள்ளே தின்னரைப் புகையாக அடிக்கிறீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். அங்கேதான் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கிறது. டேங்கில் காற்று குறையும்போதெல்லாம் அதன் சுவிட்ச் 'டக்' என்று விழும், உள்ளே பொறி தட்டும். பக்கத்தில் சாதாரண டேபிள் ஃபேன் வேறு. பழைய என்சி பெயின்ட் என்றால் இன்னும் விசேஷம். என்சி என்றால் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. நைட்ரஜன் கூடினால் வெடிமருந்து, குறைந்தால் பெயின்ட். அடித்து முடித்தபின் தரையில் படிகிற காய்ந்த தூள் குப்பென்று பிடிக்கும். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்குத் தெரிவது உங்கள் வீடியோக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஹார்டனர். இப்போது கார்களுக்கு அடிக்கும் 2கே பெயின்ட், 2கே கிளியர் கோட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. போபாலில் 1984-ல் கசிந்ததும் அந்தக் குடும்பத்து வாயுதான். அதே விஷம் இது என்று பொய் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன், இது வேறு வகை. ஆனால் கன்னில் அடித்துப் புகையானதும் நேரே நுரையீரலுக்குப் போகும். ஆபத்தான அளவிலும் வாடை தெரியாது. பனி கலைந்து ஒன்றுமில்லை என்று மாஸ்க்கைக் கழற்றும்போதும் காற்றில் இருக்கும். சிலருக்கு இதனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் இழுக்கும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. பிரிட்டனில் 2கே அடிக்கும் தொழிலாளிக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாய் வழியாக வரும் முகக்கவசம் கேட்கிறார்கள். நம் வீடியோவில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள்.

இந்த ஸ்ப்ரே கன் எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் டொலிடோ ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்ற தொண்டை வைத்தியர், நோயாளியின் தொண்டையில் மருந்து தெளிக்க 1888 வாக்கில் செய்த கருவி. அவர் மகன் தாமஸ்தான் அதைப் பிற்பாடு பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியாக்கினார். தொண்டைக்கு மருந்து போட வந்தது, இன்றைக்குத் தொண்டைக்குள் விஷத்தைப் போடுகிறது.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்றால், நானும் தெளிக்கிறவன்தான். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில், துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அடித்தவன். ராத்திரி தலை சுற்றி வாந்தி எடுத்துப் படுத்தபோதுதான் துண்டு எதையும் தடுக்காது என்று புரிந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. நாசிலுக்கு முன்னால் நிற்கிற பயிருக்கு மருந்து, பின்னால் நிற்கிறவனுக்கு விஷம். பெயின்டும் அப்படித்தான்.

சரி, கன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிலும் உங்களை ஏமாற்றுகிறார்கள்.

கப் மேலே இருக்கும் கன்தான் காருக்கு வசதி. பெயின்ட் தானாக இறங்கும், மிச்சமும் குறையும். பழைய மாடல் கன்னில் அடிக்கிற பெயின்டில் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். ஹெச்விஎல்பி என்று எழுதியிருப்பது நூற்றுக்கு 65 பங்காவது வண்டியில் ஒட்டணும். புகை குறையும் என்பதால் அது நல்லதுதான். ஆனால் அதற்குக் காற்று அதிகம் வேண்டும், நிமிஷத்துக்கு 10 கன அடிக்கு மேல் குடிக்கிற கன்னும் உண்டு. 1 ஹெச்பி கம்ப்ரசர் தருவது சுமார் 4. பம்புசெட் வைத்திருப்பவனுக்கு இது உடனே புரியும். தண்ணி எவ்வளவு உயரம் ஏறும் என்பது வேறு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்பது வேறு. மீட்டரில் முள் 100-ஐத் தொட்டுவிட்டால் போதும் என்று நினைத்தால், பாதிக் கதவு அடிப்பதற்குள் காற்று தளர்ந்து, பெயின்ட் துப்பித் துப்பி ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகிவிடும். சின்னக் கம்ப்ரசருக்கு எல்விஎல்பி கன் பொருந்தும், அதுவும் ஒவ்வொரு பாகமாகத்தான். நாசில் கலருக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4, பிரைமருக்கு 1.7 போல. குழாயில் தண்ணி பிரிக்கிற ஃபில்டர் இல்லாமல் அடிக்கவே கூடாது. ஒரு சாண் தூரம், கை வளையாமல், போன தடத்தின் மேல் பாதி ஏறணும். உழவுச்சால் மாதிரிதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், 2கே வீட்டில் அடிக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

"கடையில பெயின்டர் பையன் கர்ச்சீப் கட்டித்தான் அடிக்கிறான், அவனுக்கு என்ன ஆச்சு?" என்று மருமகனும் கேட்டான். உங்களுக்கும் அதே கேள்விதான் இருக்கும். அவனுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் என்றைக்காவது விசாரித்தீர்களா? இந்த இழுப்பு முதல் நாளே வராது. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் அடித்தபின் வரும். வந்தபின் அவனுக்கு அந்தத் தொழிலே கிடையாது. நீங்கள் பேரம் பேசிக் குறைக்கிற ரெண்டாயிரம் அவன் மாஸ்க்கில் இருந்துதான் போகிறது. ஐம்பதாயிரம் கொள்ளை என்று சொல்லும் முன், கடையில் பூத் இருக்கிறதா, அடிக்கிறவன் மூஞ்சியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கேட்டதைக் கொடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே வண்டியை விடாதீர்கள்.

நானே செய்யணும் என்ற ஆசை தப்பில்லை. விவசாயி அதைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் பெயின்ட் வேலையில் பெரும்பகுதி தேய்ப்பதும், பட்டி பார்ப்பதும், பேப்பர் ஒட்டி மறைப்பதும்தான். அதைச் செய்யுங்கள். தண்ணி விட்டுத் தேய்த்தால் தூசியும் பறக்காது. சின்னக் கீறலுக்கு ஹார்டனர் இல்லாத 1கே பெயின்ட் போதும், அதையும் திறந்த வெளியில், கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, அடுப்பும் மோட்டாரும் பக்கத்தில் இல்லாமல் அடியுங்கள்.

கடைசியில் மருமகன் அதைத்தான் செய்தான். மூணு நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேய்த்தான், தோள்பட்டை வீங்கிவிட்டது. கடைசிக் கோட்டு மட்டும் பூத் இருக்கிற கடையில். தேய்ப்புக் கூலி கழிந்தது. கன்னை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். தொழுவத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன், நாசில் அடைத்துக்கொண்டது. இப்போது ஆணியில் தொங்குகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "எங்க வாங்குனது, என்ன விலை?" என்கிறார்கள். மூஞ்சிக்கு என்ன கட்டுவது என்று இதுவரை கேட்ட ஒரே ஆள், பால் வாங்க வந்த அந்த அக்காதான்.