மணிக்கட்டு வலி: தைலப் போத்தலுடன் நின்றுவிடலாமா?

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களில் முதல் தலைமுறையினர் பலர் உணவகங்களிலும் துப்புரவுப் பணியிலும் தொழிற்சாலைகளிலும் கைகளை வருத்தி உழைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். வேலை மாறியது, கைவலி மாறவில்லை. மணிக்கட்டு நோகிறது என்றதும் எமது வீடுகளில் முதலில் தேடப்படுவது ஊரிலிருந்து வந்த தைலப் போத்தல்தான். இது தவறா? தவறில்லை என்பதே எனது கருத்து. ஆனால் எந்த வலிக்கு அது உதவும், எந்த வலிக்கு உதவாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆயுர்வேதம் மணிக்கட்டை அறியாத மருத்துவமல்ல. சுசுருதர் கூறும் 107 வர்மங்களில் மணிக்கட்டில் இருப்பது 'மணிபந்தம்'. அடிபட்டால் கடும் வலி தரும் எட்டு வர்மங்களில் இரு கைகளின் மணிபந்தங்களும் அடங்கும். வலியையும் விறைப்பையும் வாதத்துடன் தொடர்புபடுத்தும் ஆயுர்வேதம், அதற்குத் தைலம் பூசுவதையும் ஒத்தடம் கொடுப்பதையும் முக்கிய வழிகளாகக் கூறுகிறது.

வீட்டில் இதைச் செய்வது எளிது. நல்லெண்ணெயையோ வைத்தியர் சொன்ன தைலத்தையோ இளஞ்சூடாக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பத்து நிமிடம் மெதுவாகத் தேய்க்கலாம். பின்னர் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயால் ஒத்தடம் கொடுக்கலாம். நாள் முழுவதும் ஒரே விதமாக அசைந்து களைத்த தசைகளுக்கு இது இதமளிக்கும். மணிக்கட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவும் கூடாது, சூடு காட்டவும் கூடாது. விரல்கள் மரத்திருப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஒத்தடத்தின் சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்வு குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது.

இனி, தைலம் தீர்க்க முடியாத வலியைப் பார்ப்போம். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் இடையே ஒடுக்கமான பாதை ஒன்று உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடாகச் செல்கின்றன. அந்த நரம்பு நெருக்குண்டால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைக்கும். சின்னவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். இரவில் கை மரத்து, உதறிக்கொண்டு எழும்ப வேண்டியிருக்கும். இதுவே 'கார்ப்பல் டனல்' நோய். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் இதற்கு வழிவகுக்கலாம். மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருந்தால் பெருவிரல் அடித்தசை மெலிந்துவிடும். அதன்பின் சத்திரசிகிச்சை செய்தாலும் முழுப் பலன் கிடைக்காமற் போகலாம். ஆகவே விறைப்பு இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சென்று, நரம்பியல் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஆரம்ப நிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியே பலருக்கு ஆறுதல் தரும்.

ஆங்கில மருத்துவமும் ஆயுர்வேதமும் எதிரிகள் என்று எண்ண வேண்டியதில்லை. பேர்லின் இம்மானுவேல் வைத்தியசாலையின் மருத்துவர்கள், முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 151 பேரிடம் ஆயுர்வேத சிகிச்சையை வழமையான சிகிச்சையுடன் ஒப்பிட்டு 2018 இல் முடிவை வெளியிட்டனர். 12 வாரங்களில் ஆயுர்வேதம் பெற்றவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டனர். ஆனால் அங்கு முதலில் நோய் உறுதிசெய்யப்பட்டது. பின்னர் தைலத்துடன் உணவு, பழக்கவழக்கம், யோகாசனம் எல்லாமே சேர்ந்து கவனிக்கப்பட்டன. அமெரிக்காவில் 1998 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எட்டு வாரம் யோகாசனம் செய்த கார்ப்பல் டனல் நோயாளிகளுக்கு வலி குறைந்து கைப்பிடிப் பலம் கூடியது.

உள்ளே சாப்பிடும் மருந்துகளில் இன்னும் கவனம் தேவை. 2004 இல் வெளியான ஆய்வொன்றில், பொஸ்ரன் நகர்ப்பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14 இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற நச்சுகள் காணப்பட்டன. பெயர்ச்சீட்டு இல்லாத தூளையும் குளிகையையும் 'ஊர் மருந்து' என்ற நம்பிக்கையில் மட்டும் விழுங்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வலியின் காரணம் மேசையில் இருக்கும்போது எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது. மவுஸ் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தால், மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தால், மாலையில் பூசிய தைலத்தின் பலன் மறுநாள் காலையிலேயே போய்விடும். ஜேர்மனியின் வேலைத்தள ஒழுங்குவிதிகளில் 2016 முதல் கணினி வேலையும் அடங்கியுள்ளது. விசைப்பலகைக்கு முன்னால் கையை வைக்க இடம் இருக்க வேண்டும், கணினி வேலைக்கு இடையே வேறு வேலையோ ஓய்வோ இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. திரையும் விசைப்பலகையும் பிரியாத மடிக்கணினியில் நாள் முழுவதும் வேலை வாங்குவதும் அந்த விதிக்குப் பொருந்தாது. இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது, அது உங்கள் உரிமை.

சமையலறையிலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் எம் உறவுகளுக்கு இன்னொரு செய்தி. மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மடக்கி நீட்டும் வேலை, கையால் பலம் பிரயோகிக்கும் வேலை, அதிரும் கருவிகளுடன் செய்யும் வேலை ஆகியவற்றால் வரும் கார்ப்பல் டனல் நோய் 2015 முதல் 2113 என்ற இலக்கத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. கணினியில் தட்டச்சு செய்வது மட்டும் பொதுவாக இதற்குப் போதுமானதாகக் கொள்ளப்படுவதில்லை. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதை வைத்தியரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். தொழில்நோய் எனச் சந்தேகித்தால் அதை அறிவிக்க வேண்டியது அவரது கடமை.

தாயகத்தின் தைலத்தை நாம் கைவிட வேண்டாம். வெறும் நோவுக்கு அது நல்ல துணை. விரல் விறைத்தால் வைத்தியரிடமும், மேசை சரியில்லையென்றால் மேலாளரிடமும் பேசத் தயங்காதீர்கள். நாம் பிழைக்க வந்த நாட்டில் எமது முதல் மூலதனம் எம் இரு கைகளே.