எட்டு வயசுப் புள்ளைக்கு எதுக்குக் கோப்பை?

நேத்து சாயங்காலம் சம்பாவுக்கு மேலுரம் போட்டுட்டு வாய்க்கால்ல கை கால் கழுவிக்கிட்டு இருந்தேன். மன்றத்துப் பசங்க நாலு பேர் நோட்டோட வந்து நின்னாங்க. பொங்கலுக்கு ஃபுட்பால் போட்டி வைக்கிறாங்களாம். பெரியவங்களுக்கு செவன்ஸ். அதோட பத்து வயசுக்கு உள்பட்ட பசங்களுக்கும் தனியா ஒரு போட்டி. "சித்தப்பா, போன தடவை மாதிரி சின்னப் பசங்க கோப்பையை உங்க பேர்ல போட்டுக்கறோம்"னாங்க. பெரியவங்க போட்டிக்கு ஐநூறு எழுதிக் கொடுத்தேன். சின்னப் பசங்க கோப்பைக்குக் கிடையாதுன்னுட்டேன். ஒருத்தனுக்கு முகம் சுண்டிப்போச்சு. கஞ்சத்தனம்னு நினைச்சிருப்பான். சேத்துக் காலோட நின்னு விளக்கம் சொல்ல முடியலை, அதனால இங்கே எழுதுறேன்.

போன சித்திரையில் நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். அதில் என் தப்பும் இருக்கு.

உளுந்து எடுத்து முடிச்ச நேரம், பள்ளிக்கூடம் லீவு. மகள் வீட்டிலிருந்து பேரன் வந்திருந்தான். எட்டு வயசு. வந்த நாளிலிருந்து திடலே கதி. காலையில் ஆறு மணிக்கு எழுந்து ஓடுறவன் சோத்துக்குத்தான் வருவான். காத்துப் போன பந்து, செருப்பைக் கழட்டி வச்சா அதுதான் கோல். எட்டு பேரு வந்தா நாலுக்கு நாலு, ஒன்பதாவது ஆள் வந்தா அவனையும் ஏதாவது ஒரு பக்கம் சேத்துப்பாங்க. அப்பத்தான் மன்றத்துக்காரங்க சின்னப் பசங்க போட்டின்னு அறிவிச்சாங்க. நான்தான் ரெண்டாயிரம் கொடுத்து மூணடி உயரக் கோப்பை வாங்கச் சொன்னேன்.

கோப்பைன்னு வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு. நம்ம ஊர் டீமுக்கு ஏழு பேரைப் பொறுக்கினாங்க. பொறுக்கினப்ப நானும் கூடத்தான் உட்கார்ந்திருந்தேன். "நல்லா ஆடுறவனா போடுங்கப்பா, ஊர் மானம் இருக்கு"ன்னு சொன்னதும் நானே. ஏழு பேரும் பத்து வயசை எட்டுற பசங்க. என் பேரனும் இன்னும் அஞ்சு பேரும் எக்ஸ்ட்ரா. ரெண்டு நாள், நாலு ஆட்டம். மஞ்ச பனியனைப் போட்டுக்கிட்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிஷம்கூட இறக்கலை. கோப்பை நம்ம ஊருக்குத்தான் வந்தது, வேட்டுப் போட்டோம்.

அதுக்கப்புறம் லீவு முடியறவரைக்கும் அவன் திடல் பக்கம் போகலை. ஏன்டான்னு கேட்டேன். "எனக்கு ஆடத் தெரியாது தாத்தா"ன்னான். ரெண்டு நாளைக்கு முன்னாடி வரைக்கும் ஆடத் தெரிஞ்சவன்தானே? தெரியாதுன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்க.

உள்ளே இறங்கின பசங்க மட்டும் என்ன ஆடினாங்க? ஆளுக்கு ஏழுன்னாலும் திடல் பெரியவங்க திடல், கோலும் அவங்க கோல்தான். 24 அடி அகலம், 8 அடி உயரம். நாலடி உயரப் பையன் அதுக்குள்ளே நின்னா மாட்டுக் கொட்டகையில் கன்னுக்குட்டி நிக்கிற மாதிரி இருக்கு. பந்து அஞ்சாம் நம்பர், 410 கிராமுக்குக் குறையாது. சின்னக் கால் அதை எத்துனா எத்தினவன் காலுதான் வலிக்கும். வலது ஓரமா நின்ன ஒரு பையனை நான் கவனிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு ஆட்டம் முழுக்க அவன் கால்ல பந்து பட்டது மூணு தடவை. பாக்கி நேரமெல்லாம் "ஓடுடா, ஏன்டா நிக்கிறே"ன்னு வெளியிலிருந்து திட்டு வாங்கினான். திட்டினவங்க பாதிப் பேர் அப்பன்மாருங்க.

என் தங்கச்சி மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவன் பொண்ணுக்கு ஆறு வயசு, அங்கே கிளப்பில் ஃபுட்பால் ஆடப் போவுது. ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ காலில் காட்டினான். முதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை. பெரிய மைதானத்தைச் சின்னச் சின்னத் துண்டா, நம்ம நாத்தங்கால் மாதிரி பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு துண்டிலும் ஆளுக்கு மூணு பேர். கோல் மொத்தம் நாலு, பக்கத்துக்கு ரெண்டு, எல்லாம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. கோலி கிடையாது. கொஞ்ச நேரம் ஆடினதும் ஜெயிச்ச செட் ஒரு துண்டு மேலே போகும், தோத்த செட் ஒரு துண்டு கீழே இறங்கும். அப்ப அடுத்த ஆட்டம் தானா சரிக்குச் சரியா வந்துடுது. வெளியே நிக்கிற புள்ளையும் முறை வச்சு உள்ளே வந்தே ஆகணும். "யாரு மாப்ளே கடைசியில ஜெயிச்சா?"ன்னு கேட்டேன். "அப்படி ஒண்ணு இல்லை மாமா, பட்டியலே போட மாட்டாங்க"ன்னான்.

2024 கோடையிலிருந்து அந்த நாடு முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் கட்டாய முறையாம். நாலு தடவை உலகக் கோப்பை வாங்கின நாடு. அங்கேயும் சில பெரிய கிளப் ஆளுங்க, தோல்வியே தெரியாம புள்ளை எப்படி வளரும்னு எதிர்த்துப் பேசியிருக்காங்க. நம்ம மன்றத்துப் பசங்க கேட்கப்போறதும் அதே கேள்விதான். தோல்வி தெரியாம எங்கே போவுது? செருப்புக் கோல் வச்சு ஆடின பசங்களைக் கேளுங்க, எத்தனைக்கு எத்தனைன்னு கரெக்டா சொல்லுவான். தோத்துட்டா அழுவான், அரை மணி நேரத்தில் மறந்துட்டு மறுபடி ஆடுவான். தோத்துட்டுத் திரும்ப ஆடுறதும், ஆடவே விடாம ரெண்டு நாள் உட்கார வைக்கிறதும் ஒண்ணா?

நம்ம பசங்க செல்போனில் படமா வச்சிருக்கிற ஹாலண்ட் இருக்கானே, அவன் வளர்ந்தது நார்வேயில் ப்ரீனேன்னு ஒரு ஊர். சுத்திலும் மாடு, பால், வயல்னு விவசாயம் செய்யற பகுதி. (2025 இல் அந்த ஊர் கிளப்பில் ஆட்ட நாயகனுக்கு முட்டையை அட்டை அட்டையாகப் பரிசு கொடுத்தாங்க. படத்தைப் பார்த்துட்டு எங்க வீட்டில் ரொம்ப நேரம் சிரிச்சோம்.) அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு 11 வயசு ஆகுற வருஷம் வரைக்கும் புள்ளிப் பட்டியல் போடக் கூடாது, 13 ஆகுற வருஷத்துக்கு முன்னாடி தேசியப் போட்டி நடத்தக் கூடாதுன்னு விளையாட்டு அமைப்பே விதி வச்சிருக்கு. ஹாலண்டும் அவன் வயசுப் பிள்ளைகள் ஏறக்குறைய நாற்பது பேரும் பொறுக்கல் இல்லாம ஒண்ணாவே ஆடி வளர்ந்தவங்க. எல்லாரும் ஹாலண்ட் ஆயிடலை. ஆனா எட்டு வயசில் யாரையும் கழிச்சு வீட்டுக்கு அனுப்பலை.

எட்டு வயசில் பொறுக்கினா நாம பொறுக்குறது திறமையை இல்லை, வயசை. ஒரே வகுப்பில் ஆனியில் பொறந்தவனும் அடுத்த வைகாசியில் பொறந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பதினோரு மாச வித்தியாசம் அந்த வயசில் உயரத்திலேயே தெரியும். மூத்தவன் வேகமா ஓடுறான், அவனை எடுக்கிறோம், அவனுக்கே பழக்கமும் கொடுக்கிறோம். இளையவன் உட்கார்ந்தே இருக்கான். அப்புறம் பாரு, நான் அப்பவே சொன்னேன்லன்னு பெருமை வேற. நாத்தங்காலில் நாத்து குட்டையா இருக்குன்னு பத்தாம் நாளே பிடுங்கிப் போடுவோமா நாம?

இன்னொண்ணு. திடலோரம் வேலியைப் பிடிச்சுக்கிட்டு பொம்பளப் புள்ளைங்க நாலஞ்சு தினமும் நிக்குது. பந்து வெளியே வந்தா எடுத்து எத்திட்டு சிரிக்குது. அதுல ஒண்ணு எத்துறது நம்ம ஏழு பேரில் பாதிப் பேரை விட நல்லாவே இருக்கு. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 லேயும் 2023 லேயும் இந்தியா முழுக்க ஜெயிச்சு சாம்பியன் ஆச்சு. அந்தப் பொண்ணுங்களும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு திடலோரம் நின்னதுங்கதானே. பத்து வயசு வரைக்கும் பையன் பொண்ணு சேர்ந்து ஆடுறதில் என்ன கஷ்டம்? நாங்க சின்ன வயசில் கிளித்தட்டு அப்படித்தான் ஆடினோம்.

மன்றத்துப் பசங்க மேல எனக்குக் கோபம் இல்லை. கைக்காசு போட்டு, கோடு கிழிச்சு, தண்ணி தூக்கி ஊத்துறாங்க. அவங்க இல்லைன்னா திடலில் கருவைதான் மண்டியிருக்கும். கோப்பை வச்சாத்தான் பக்கத்து ஊர் டீம் வரும், பக்கத்து ஊர் வந்தாத்தான் வசூலாகும்னு அவங்க கணக்கு. அது பெரியவங்க போட்டிக்குச் சரி. அதை அப்படியே சின்னதுங்க தலையில் கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

ரெண்டாயிரத்தை இந்தத் தடவையும் கொடுக்கிறேன், கோப்பைக்குப் பதிலா வேறயா செலவு பண்ணலாம். மூணாம் நம்பர் பந்து நாலு. சவுக்குக் கம்பு என் கொல்லையிலேயே கிடக்கு, மூணடிக்கு வெட்டினா சின்னக் கோல் பன்னெண்டு வரைக்கும் தேறும். திடலை மூணாப் பிரிச்சா ஒரே நேரத்தில் பதினெட்டுப் பிள்ளைகள் ஆடலாம், யாரும் எக்ஸ்ட்ரா கிடையாது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வரட்டும், ஊர் ஊரா இல்லாம கலந்து செட் போடுவோம். முடிஞ்சதும் எல்லாருக்கும் ஆளுக்கொரு கரும்பு. அப்பன்மாருங்க கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நிக்கணும், வாயைத் திறக்கக் கூடாது. நானும்தான்.

இன்னிக்குக் காலையில் மகளுக்குப் போன் பண்ணி பொங்கலுக்கு வரச்சொன்னேன். பேரன் போனை வாங்கி, "டீம் எடுப்பாங்களா தாத்தா?"ன்னு கேட்டான். இல்லைடா, வர்றவங்க எல்லாரும் ஆடுறதுன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த மஞ்ச பனியன் போட மாட்டேன்"னான். சரின்னுட்டேன்.

கோலுக்குக் கட்ட வலை இன்னும் கிடைக்கலை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் படிக்கிறவங்க யாராவது கழிச்சுப் போட்ட பழைய மீன்வலை இருந்தா சொல்லுங்க, பஸ்ஸில் வந்து எடுத்துக்கிறேன்.