காத்திருக்கத் தெரிந்த பை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் 'வேட்டை' என்று சொல்லிப் பாருங்கள். உடனே காட்டுப் பன்றிக் கதை வரும். நாலு ஆள், நாலு நாய், ஒரு பாராங்கத்தி, பால் மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொள்ளும் அதே விளக்கு. சாயங்காலம் கிளம்பினால் விடிவதற்குள் லயத்துக்குத் திரும்பிவிடலாம். பசித்தால் வீடு பக்கத்தில் இருக்கிறது. நனைந்தால் காலையில் வெயில் வந்துவிடும். அந்த வேட்டைக்குப் பை என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

இந்த வாரம் நாம் பேசப்போவது வேறு மாதிரி வேட்டை. ஐந்து நாள், நான்கு இரவு, பனி விழும் மலை. வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். இடம், நியூசிலாந்தின் தென் தீவு.

ஏன் திடீரென்று இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். என் சித்தி மகன் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். ஜூன் மாதம் மலைக்கு வேட்டைக்கு வருகிறாயா என்று முதலாளி கூப்பிட்டிருக்கிறார். "அக்கா, பையில என்ன எடுத்துக்கிட்டுப் போறது?" என்று என்னிடம் கேட்டான். அதற்குள் சித்தி இங்கிருந்தே ஒரு பட்டியல் அனுப்பிவிட்டார்: மூன்று ஜீன்ஸ், ஆறு பருத்தி பனியன், ஒரு கனத்த போர்வை, ஒரு டின் முறுக்கு.

வானொலிக்காரிக்குத் தெரிந்த ஒரே வேலை, தெரிந்தவர்களிடம் கேள்வி கேட்பதுதான். அந்த முதலாளியிடமே தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினேன். கொஞ்சம் படிக்கவும் செய்தேன். வேட்டையில் விருப்பம் இல்லாதவர்களும் படிக்கலாம். குளிர் நாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எதற்காக இந்த வேட்டை?

அவர்கள் தேடிப் போவது இமாலயத் தார் என்னும் மலையாடு. நம் ஊர்ப் பாறையிலும் ஒரு தார் உண்டு. ஆங்கிலத்தில் நீலகிரித் தார் என்று அழைக்கப்படும் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதை வேட்டையாடுவது கடும் குற்றம். நியூசிலாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வௌவாலைத் தவிர, மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி எதுவும் கிடையாது. 1904-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சில தார் ஆடுகளை மவுண்ட் குக் அருகே விட்டார்கள். கொன்று தின்ன மிருகம் இல்லாத மலையில் அவை பெருகி, வேறெங்கும் வளராத மலைச்செடிகளை மேயத் தொடங்கின. 1993-இல் அரசு கொண்டுவந்த திட்டம், மொத்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதனால் அங்கே வேட்டைக்காரர்கள் ஒரு வகையில் காட்டைக் காப்பவர்கள்.

கிடாய்கள் நீண்ட பிடரிமயிரோடு இணை தேடி வெளியே வருவது மே முதல் ஜூலை வரை. அது அங்கே குளிர்காலம். ஜூன் மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான். மீதி பதினைந்து மணி நேரமும் இருட்டு. ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய நாம், பை கட்டும்போது முதலில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது.

வியர்வை அங்கே எதிரி

நம் ஊரில் வியர்வை நல்லது. அது காய்ந்தால் உடம்பு குளிரும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பருத்தி நமக்குச் சுகம். அதே குணம் அங்கே ஆளைக் கொல்லும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நனைந்த ஜீன்ஸ் காய்வதற்கு அங்கே வெயிலும் இல்லை.

நடைப்பயணம் போகிறவனைவிட வேட்டைக்காரனுக்கு இதில் ஆபத்து அதிகம். நடக்கிறவன் நடந்துகொண்டே இருப்பான், சூடு குறையாது. வேட்டைக்காரன் இரண்டு மணி நேரம் செங்குத்தாக ஏறி வியர்த்து, பிறகு பாறை ஓரத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தொலைநோக்கி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுடுவது ஒரு நொடி. மீதியெல்லாம் காத்திருப்புதான்.

ஆகவே துணியை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி. அது நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். அதன்மேல் ஃப்ளீஸ். மழைக்கும் காற்றுக்கும் ஒரு வெளிச்சட்டை. உட்காரும்போது மட்டும் எடுத்துப் போட, மெல்லிறகு அடைத்த பஃபர் ஜாக்கெட். அந்த இறகு நனைந்தால் துவண்டுபோய்ச் சூடு தராது. ஏறும்போது அதைப் போடவே கூடாது. "கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும்" என்பது முதலாளி சொன்ன விதி. குளிரும் நிலையில் நடக்கத் தொடங்கினால்தான் வியர்க்காமல் மேலே போய்ச் சேரலாம்.

இன்னொரு ஜோடி கம்பளி உள்ளாடையும் காலுறையும் நீர் புகாத பைக்குள் தனியாக இருக்கும். தூங்க மட்டுமே அவை. காலையில் ஈர உடையையே திரும்பப் போட்டுக்கொள்வார்கள். கேட்கவே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் காய்ந்த உடை ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அடுத்த ராத்திரியைக் கடத்தும்.

பதினைந்து மணி நேர இருட்டு

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அட்டையில் இரண்டு வெப்ப எண்கள் இருக்கும். ஒன்று, வசதியாகத் தூங்கக்கூடிய அளவு. மற்றது, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய கடைசி அளவு. கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். நாம் பார்க்க வேண்டியது முதல் எண். கேமரன் மலையில் 15 டிகிரிக்கே போர்வை தேடுகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கீழே போடும் விரிப்பு அதைவிட முக்கியம். உடம்பின் பாரத்தில் நசுங்கிய இறகு சூடு காக்காது. சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். விரிப்பின் தடுப்புச் சக்தியை 'ஆர்' மதிப்பு என்று எழுதியிருப்பார்கள். பனிக்காலத்துக்கு அது 4-க்குக் குறையக் கூடாது. சித்தியின் கனத்த போர்வைக்கு இங்கே வேலையே இல்லை.

தூங்கப் போகும்போது தலைவிளக்கின் பேட்டரி, கைப்பேசி, தண்ணீர் வடிகட்டி, கேஸ் டின் எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வரும். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். வடிகட்டிக்குள் தண்ணீர் உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. நாம் ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடுகிற பியூட்டேன் கேஸ், சுழிய டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாது. அதனால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டின்னை வாங்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைக்க வேண்டும். பனி மேலிருந்துதான் உறையும் என்பதால் மூடி திறந்தபடி இருக்கும்.

ஒரு நாள் சோறு கூடுதலாக

சாப்பாடு, காய்ந்த நிலையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கிராம். எடை குறைவாக, சத்து அதிகமாக இருக்க வேண்டும். கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவிலும் சீனியிலும் 4. கச்சான், சாக்லேட், காய்ச்சிய சாதத்தில் ஒரு கரண்டி நெய் என்று நம் சமையலறை அறிவுக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆனால் இங்கிருந்து அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்: நியூசிலாந்து விமான நிலையத்தில் எல்லா உணவையும், மண் பட்ட சப்பாத்தையும் கூடாரத்தையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். கேஸ் டின்னை எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. நெய்யும் கேஸும் அங்கேயே வாங்குவது நல்லது.

முதலாளி வற்புறுத்திச் சொன்னது இன்னொன்று. ஐந்து நாள் பயணத்துக்கு ஆறு நாள் சாப்பாடு. அந்த ஆறாவது நாள், பசிக்காக இல்லை, ஆற்றுக்காக.

தென் தீவு மலைகளில் மழை பெய்தால் ஆறுகள் சில மணி நேரத்தில் பொங்கிவிடும். பல இடங்களில் பாலம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கே 'நியூசிலாந்துச் சாவு' என்று பெயர் வைக்கும் அளவுக்கு அது சாதாரணமாக இருந்தது. மழை நின்றால் அந்த ஆறு வந்த வேகத்திலேயே இறங்கவும் செய்யும். ஒரு ராத்திரி பொறுத்தால் போதும். பொறுக்க முடியாதவர் யார்? சாப்பாடு தீர்ந்தவர். துணி நனைந்தவர். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். 700 கிராம் அரிசியும் பருப்பும் மனிதனுக்குத் தருவது ஒரு நாள் பொறுமை.

பையில் இடம் விடுங்கள்

இத்தனையும் சேர்த்துப் போகும்போது பை 18 முதல் 20 கிலோவுக்குள் இருப்பது நல்லது. ஏனென்றால் திரும்பும்போது இறைச்சியும் வரும். ஒரு பெரிய கிடாயில் எலும்பு நீக்கிய பிறகும் 20 கிலோவைத் தாண்டலாம். அதைக் காற்று புகும் துணிப் பைகளில் கட்டுவார்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். ஆகவே மூன்று ஜீன்ஸ் வைத்த பையோடு போகிறவன், சுட்டதைக் காட்டில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். கொன்றதை வீணாக்குவது அங்கே நல்ல வேட்டைக்காரன் செய்கிற காரியம் இல்லை.

தம்பியிடம் துப்பாக்கி உரிமம் கிடையாது. உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே அவன் துப்பாக்கியைக் கையாளலாம். எது இலக்கு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்வரை விசையைத் தொடக் கூடாது என்பதும் அங்கே எழுதிவைத்த விதி. அதற்கும் பொறுமைதான் வேண்டும்.

குளிர் மூளையைத் தொடும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் நடுக்கம். பிறகு ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறும். பிறகு நாக்குக் குழறும். பேச்சே தொழிலான எனக்கு இந்த அடையாளம் மனதில் பதிந்துவிட்டது. கூட வருகிறவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். சொல் குழறினால் அன்றைய வேட்டை முடிந்தது. காய்ந்த உடை, ஸ்லீப்பிங் பேக், சூடான இனிப்புப் பானம். கிடாய் எதிரே நின்றாலும் அதுதான் வரிசை.

கடைசியாக இரண்டு பொருள். ஒன்று, செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் அவசரக் கருவி. கைப்பேசிக் கோபுரம் இல்லாத பள்ளத்தாக்கிலிருந்தும் அது மீட்புப் படையைக் கூப்பிடும். வாடகைக்கும் கிடைக்கிறது. அதைப் பைக்குள் வைக்கக் கூடாது. சறுக்கி விழுந்தால் பை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பொருள் வீட்டிலேயே இருப்பது: ஒரு தாள். எந்தப் பள்ளத்தாக்கு, யார் யார், எந்த நாள் திரும்புவோம் என்று அதில் எழுத வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு நாளும் மணியும்: 'இதற்குள் தகவல் இல்லையென்றால் போலீசைக் கூப்பிடுங்கள்.' ஆறு பொங்கினால் ஒரு நாள் தாமதிப்போம் என்பதையும் சேர்த்தே அந்த மணியைக் குறிக்க வேண்டும். மலையில் இருக்கிறவனுக்கு ஆறாவது நாள் சாப்பாடு எப்படியோ, வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு அந்த இரண்டாவது வரி அப்படி. எதுவரை கவலைப்படாமல் இருக்கலாம் என்று அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?