தொடாமல் வரும் காசும் தொட்டுச் சமைத்த இட்லியும்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குள் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் கையடக்கமான ஓர் இயந்திரம் இருக்கிறது. வாங்க வந்தவர் வங்கி அட்டையை அதன்மேல் காட்டுகிறார். ‘பீப்’ என்று ஒரு சத்தம், பணம் போய்விட்டது. 5,000 ரூபாய் வரை ரகசிய எண்கூட அழுத்த வேண்டியதில்லை. முன்பு 2,000 ஆக இருந்த இந்த வரம்பை ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1 முதல் உயர்த்தியது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்துச் சம்பாதித்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அங்கே பழகிய வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. இதற்கு விளம்பரங்களில் வைத்திருக்கும் பெயர், ‘தொடுதல் இல்லாப் பணப் பரிமாற்றம்’.

இந்தப் பெயரை முதலில் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. தொடாமல் காசு வாங்குவதற்கு இந்தச் சமூகத்துக்கு இயந்திரம் தேவைப்பட்டதா என்ன? கொரோனா காலத்தில் ‘சமூக இடைவெளி’ என்று சொன்னபோது, அந்தச் சொல்லை நம்மில் பலர் கேள்வி கேட்டதை நினைத்துப் பாருங்கள். இதுவும் அதுபோல ஒரு சொல்தான்.

அதே கடைத்தெருவின் கோடியில் ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். பக்கத்துக் கிராமத்தின் சேரியிலிருந்து விடிவதற்கு முன் வந்துவிடுவார். அட்டை இயந்திரம் அவரிடம் இல்லை. வண்டியின் முன்கம்பியில் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. ‘ஜீபே இருக்கா?’ என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டுவார். இது எப்படிப் போகிறது என்று கேட்டோம். அவர் சொன்னது:

“எங்க ஊர்ல கடைக்குப் போனா காச பலகை மேல வைக்கணும், கையில நீட்டக் கூடாது. மீதிச் சில்லறைய அவங்க மேலேருந்து போடுவாங்க. இப்ப என் பையன் போன்லயே அனுப்பிடுறான். போடுறதுக்குச் சில்லறை இல்ல. அது ஒண்ணுதான் தம்பி மாறியிருக்கு.”

‘அது ஒண்ணுதான்’ என்று அவர் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பலகை மேல் வைக்கப்பட்ட காசும் மேலிருந்து போடப்பட்ட சில்லறையும் தீண்டாமையைக் கண்ணுக்குக் காட்டின. பார்த்தவர்கள் சாட்சி சொல்ல முடிந்தது. இரட்டைக் குவளையைப் படமெடுத்து ஆட்சியரிடம் கொடுக்க முடிந்தது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னார். அந்த வீடியோ பரவிய பிறகுதான் வழக்கும் கைதும் வந்தன, கடைக்கும் சீல் வைத்தார்கள். இன்றைக்கு அதே மாதிரி ஒரு கடையில் கியூஆர் அட்டை தொங்கினால், அந்தக் கடைக்காரர் யார் கையையும் தொடாமல், யாரையும் திட்டாமல், நாள் முழுக்க வியாபாரம் செய்யலாம். தொடக் கூடாது என்ற எண்ணம் அவர் மனதில் அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்த செயல் மட்டும் இருக்காது.

ஆனால் காசு ஒரு பாதிதான். விற்கிற பொருள் இன்னொரு பாதி. கியூஆர் அட்டை இருந்தும் அக்கா தன் சொந்தக் கிராமத்து ஊர்த்தெருவில் இட்லி விற்க முடியாது. அங்கே வண்டியை நிறுத்தினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவர் கையால் மாவு கரைத்து, அவர் கையால் ஊற்றி எடுத்த இட்லி அது. அந்தக் கையை இடையில் நின்று மறைக்க எந்தச் செயலியாலும் முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்திலும் அதே பிரச்சினை எழுந்தது. அரசு கொடுத்த அரிசி, அரசு கொடுத்த சம்பளம், அரசுக் கட்டடம். பணம் எந்த வழியில் வந்தது என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. சமைத்த கை யாருடையது என்பதுதான் கேள்வி.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. ஊர் கூடித் தடை போட்டால் வழக்குப் போடலாம். ஆனால் நூறு பேர் தனித்தனியாக, ஒன்றும் பேசாமல் அந்த வண்டியைத் தாண்டிப் போய் அடுத்த கடையில் இட்லி வாங்கினால் யார்மேல் வழக்குப் போடுவது?

அதனால்தான் அக்கா கூத்தாநல்லூருக்கு வருகிறார். நகரத்தில் அவர் எந்தத் தெருக்காரர் என்று யாருக்கும் தெரியாது. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் அவருடைய பெயர் மட்டும் திரையில் வருகிறது. வட இந்தியாவில் அந்தப் பெயரோடு சாதியும் சேர்ந்தே வந்து நிற்கும். இங்கே பெரும்பாலும் வருவதில்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்களே, அதன் பலனை ஒரு தள்ளுவண்டிக்காரர் இன்றைக்குக் கைபேசித் திரையில் அனுபவிக்கிறார். தொழில்நுட்பம் கொடுத்ததாக நாம் நினைக்கும் பாதுகாப்பில் ஒரு பகுதி இயக்கம் போராடிக் கொடுத்தது.

காவிரிப் படுகையில் கூலி கொடுக்கும் வழி பலமுறை மாறியிருக்கிறது. பண்ணையாள் முறையில் நெல்லாக அளந்தார்கள். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது, நெல் கூலியை உயர்த்திக் கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக. பிறகு கூலி ரூபாயாக வந்தது, நூறு நாள் வேலைக்கு வங்கிக் கணக்கில் வந்தது. இப்போது நடவுக் கூலியைக்கூடச் சிலர் போனில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நம் மக்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது உண்மை. நெல்லுக்காக ஆண்டை வீட்டு வாசலில் காத்து நிற்பதும் வங்கியில் போய் எடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் எவ்வளவு கூலி என்பதை நெல்லும் ரூபாயும் போனும் தீர்மானிக்கவில்லை. கேட்டுப் பெற்றவர்கள் தீர்மானித்தார்கள்.

2016 டிசம்பர் 30 அன்று பிரதமர் ஒரு பணப் பரிமாற்றச் செயலியைத் தொடங்கிவைத்து, அதற்கு அண்ணல் அம்பேத்கரின் நினைவாக ‘பீம்’ என்று பெயர் சூட்டினார். பணமதிப்பிழப்பு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையிலிருந்த 500 ரூபாய் நோட்டு செல்லாமல் போய், தினக்கூலிகள் வேலையிழந்து நின்ற நேரம் அது. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இலேயே ஒரு நூல் எழுதிய பொருளாதார அறிஞர் அம்பேத்கர். ரூபாயின் மதிப்பு ஏறி இறங்கும்போது அடி யார்மேல் விழுகிறது என்று பார்த்தவர். அவர் பெயரில் வந்த செயலியை நாமும் அந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்: இதனால் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டை இயந்திரம் வைத்தால் பொதுவாக மாத வாடகை உண்டு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே விற்கும் சிறு வணிகரிடம், டெபிட் கார்டில் தேய்த்த தொகைக்கு 0.40 விழுக்காடு வரை கட்டணம் பிடிக்கலாம். கிரெடிட் கார்டு என்றால் இன்னும் அதிகம். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் இந்தக் கட்டணம் கிடையாது. 30 ரூபாய்க்கு இட்லி விற்பவர் ஏன் அட்டை இயந்திரத்தை விட்டுவிட்டு கியூஆர் அட்டைக்குப் போனார் என்பதற்கு இதுவே காரணம். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் 1,000 கோடியைத் தாண்டின. அதில் அக்காவின் 30 ரூபாய்களும் உண்டு. ஆனால் பணம் வந்துவிட்டது என்று சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாதம் 100 ரூபாய் வாக்கில் வாடகை கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால், எரியும் அடுப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்டோம். அந்த கியூஆர் அட்டை எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது? மகனுடைய கணக்கோடு. ஸ்மார்ட்போன் மகனிடம்தான் இருந்தது. உழைப்பது அம்மா, கடை அம்மாவுடையது, வங்கியின் பார்வையில் வியாபாரி மகன். நாங்கள் பார்த்த வேறு சில கடைகளில் அது கணவருடைய கணக்கு.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தத் தொடாத காசு நமக்குக் கொடுக்கும் உருப்படியான ஒரே பொருள் பதிவு. கடன் கேட்கப் போகும் தலித் வியாபாரியிடம் அடமானம் வைக்க நிலம் கிடையாது, கையெழுத்துப் போடக் கடைத்தெருவில் சொந்தக்காரர் கிடையாது. அதனால் தண்டல்காரரிடம் போகிறார். 10,000 ரூபாய் என்று பேசி, பிடித்ததுபோக 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது பல இடங்களில் வழக்கம். இப்போது தண்டல்காரரும் ஜீபேயில் வாங்கிக்கொள்கிறார்! ஆறு மாத வரவு வங்கி அறிக்கையில் அவர் பெயரிலேயே இருந்தால், அந்த அக்கா வங்கி மேலாளர் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை அதை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் தவணைக் கடனை 10,000இலிருந்து 15,000 ஆகவும், இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியது. மூன்றாவது 50,000. ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியம், அடமானம் இல்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை. ‘நான் டவுன்காரி இல்லையே’ என்றுதான் அந்த அக்காவும் சொன்னார்.

பதிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிக வரித்துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். நம் தள்ளுவண்டிகள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு வந்த பணம், கைமாற்று, சீட்டுப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால் குழப்பம்தான். யாரோ ஒரு மோசடிக்காரர் அனுப்பிய சில நூறு ரூபாய்க்காகக் கணக்கு முழுவதும் முடக்கப்படுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகைக்கு மட்டும் தடை போட்டால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மனு எழுத உதவும்.

மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று வேலைகள். முதலாவது, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒருநாள் நடந்து எண்ணுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே இதுதான் அதிகம். கடைத்தெருவில் நூறு கடை இருந்தால் நம்முடையவை எத்தனை? அதில் சாப்பாட்டுக் கடை எத்தனை? எழுதி வையுங்கள். இரண்டாவது, தெருத் தெருவாகப் போய் நம் பெண் வியாபாரிகளின் கியூஆர் அட்டையை அவர்கள் பெயரிலேயே மாற்றிக் கொடுங்கள், பரிந்துரைக் கடிதத்துக்கு நகராட்சிக்குக் கூடவே போங்கள். மூன்றாவது, கிராமத்துக் கடைகளில் காசு கைமாறும் விதத்தைக் கவனிப்பதோடு நிறுத்தாமல், டீ எந்தக் குவளையில் வருகிறது, உட்கார பெஞ்சு உண்டா, யார் சமைத்ததை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

அந்த அக்காவின் கணக்கு போன மாதம் அவர் பெயருக்கு மாறியது. முதல் 30 ரூபாய் வந்தபோது போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். “இத வச்சு எங்க ஊர்லயே கடை போட முடியுமா தம்பி?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் வேலைதான் இனி நம் எல்லோருக்கும்.

ஜெய் பீம்.