லிவர் நார்மல்டா, மாப்ளே!

லேபிலிருந்து வந்த காகிதத்தில் நம் ஆபீஸ் வாலிபர்கள் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான். எஸ்.ஜி.பி.டி. பக்கத்தில் ஸ்டார் இல்லையா, போதும். "லிவர் நார்மல்டா, மாப்ளே!" என்று சீட் சீட்டாகப் போய்ச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காகிதத்தின் தலைப்பே பாதி டூப். 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று போட்டிருக்கும். ஆனால் எல்லோரும் பார்த்துப் பயப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் எப்படி வேலை பார்க்கிறது என்பதைச் சொல்வதே இல்லை.

வலது விலா எலும்புகளுக்கு அடியில், கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் கல்லீரலை ஒரு ஹெட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. நீங்கள் தின்றதும் குடித்ததும் முதலில் இங்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மேலே போகும். சர்க்கரையை ஸ்டாக் வைப்பது, அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது, பித்தநீர் சுரப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தயாரிப்பது, சாராயத்தைச் சமாளிப்பது... எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்ஸைம்கள். ஆபீஸ் ஃபைல்கள் மாதிரி. தெருவில், அதாவது ரத்தத்தில், ஏராளமாகக் கிடந்தால் யாரோ பீரோவை உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடைத்தது வைரஸாக இருக்கலாம், கொழுப்பாக இருக்கலாம், பாட்டிலாகவும் இருக்கலாம்.

சரி, தெருவில் ஃபைலே இல்லை என்றால்? ஒன்று, ஆபீஸ் ஒழுங்காக நடக்கிறது. இல்லை, வெளியே எறிய உள்ளே ஃபைலே பாக்கி இல்லை! சிரோஸிஸ் முற்றி, கல்லீரல் தழும்பாகச் சுருங்கிப் போனவர்களுக்கும் இந்த நம்பர்கள் நார்மலாக இருப்பதுண்டு.

எஸ்.ஜி.ஓ.டி. விஷயத்தில் இன்னொரு குழப்பம். அது இதயத்திலும் தசைகளிலும்கூட இருக்கிறது. 1954-ல் அது பேர் வாங்கியதே ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்கும் டெஸ்டாகத்தான். ஜிம்மில் சேர்ந்த வேகத்தில் வெயிட் தூக்கினாலும் ஏறும். ஆனால் அது எஸ்.ஜி.பி.டி.யைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்க மாட்டார். "எவ்வளவு?" என்றுதான் கேட்பார்.

நிஜமாகவே வேலையைப் பற்றிச் சொல்பவை வேறு இரண்டு. ஒன்று அல்புமின். கல்லீரல் மட்டுமே தயாரிக்கும் சரக்கு. ஆனால் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய மூன்று வாரம் ஆகும். இன்றைக்கு ஃபாக்டரி படுத்தாலும் பழைய ஸ்டாக்கில் கொஞ்ச நாள் வண்டி ஓடும். இன்னொன்று புரோத்ராம்பின் டைம். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்ற கணக்கு. உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடுவதால், இது அந்தக் காலத்துத் தந்தி மாதிரி உடனே சேதி சொல்லும். வேடிக்கை என்னவென்றால், பல பாக்கேஜ்களில் இந்த டெஸ்ட் சேர்ந்திருக்காது.

கல்லீரலுக்கு உள்ளே வலி தெரியாது. வெளி உறைக்குத்தான் தெரியும். அதனால் 'எனக்கு ஒண்ணும் வலிக்கலையே' என்ற வாதம் இங்கே எடுபடாது. பாதியை வெட்டி எடுத்தாலும் வளர்ந்துவிடும் அபூர்வ உறுப்பு அது. ஆனால் தழும்பு முற்றிவிட்டால் அந்த வித்தை பலிக்காது.

ஆகவே தொப்பையோ, சர்க்கரையோ, வாரா வாரம் பாட்டிலோ இருக்கிறவர்கள் ஸ்டார் இல்லாத ரிப்போர்ட்டை ஃப்ரேம் போட வேண்டாம். அதை டாக்டரிடம் காட்டி, பிளேட்லெட் எண்ணிக்கையும் வயிற்று ஸ்கேனும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்தால், "ஒண்ணுதானே!" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எடையையும் பாட்டிலையும் குறைத்தால் கல்லீரல் பழையபடி திரும்பக்கூடிய கட்டம் அது. தழும்பு முற்றின பிறகு பேரம் பேசினால் அது படியாது.