தாத்தாவைவிட மூத்த மீன்

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மெல்போர்னில் எங்கள் வீட்டுப் பக்கத்து மீன் கடைக்குப் போனேன். ஐஸ் மேல் தோல் உரித்த வெள்ளைத் துண்டுகள். முள் கிடையாது, வாடை கிடையாது. 'ஆரஞ்சு ரஃபி' என்று எழுதியிருந்தது. அரை கிலோ வாங்கினேன். எட்டு வயசுக்காரி சும்மா இருப்பாளா? "அப்பா, இந்த மீனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும் கண்ணு" என்று அடித்துவிட்டேன்.

நமக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு அப்புறம் போனில் தேடுவது அப்பாக்களின் வழக்கம்தானே! ராத்திரி தேடினேன். தூக்கிவாரிப் போட்டது. இந்த மீன் 200 வருஷத்துக்கு மேலும் வாழுமாம். முட்டையிடும் பருவம் வரவே 20 முதல் 40 வருஷம் ஆகும். என் தட்டில் விழுந்தது என்னைவிட மட்டுமில்லை, என் தாத்தாவைவிடவும் மூத்ததாக இருந்திருக்கலாம்.

இது வாழ்வது கடலில் 500 முதல் 1,500 மீட்டர் ஆழத்தில். அங்கே குளிர், இருட்டு, சாப்பாடும் குறைவு. அதனால் எல்லாமே நிதானம். உயிரோடு இருக்கும்போது செங்கல் சிவப்பு. செத்த பிறகுதான் ஆரஞ்சாக வெளுக்கும். சிவப்பு வெளிச்சம் அந்த ஆழத்துக்கு எட்டாது என்பதால், அங்கே சிவப்பு மீன் கறுப்பாகத்தான் தெரியும். ஒளிந்துகொள்ள நல்ல சட்டை! தலை முழுக்கச் சளி சுரக்கும் குழிகள். இதன் பழைய ஆங்கிலப் பெயருக்கு 'சளித்தலை' என்றுதான் அர்த்தம். அந்தப் பெயரில் விற்றால் யார் வாங்குவார்கள்? பெயரை மாற்றினார்கள், விற்பனை சூடு பிடித்தது.

வயசை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மீனின் காதுக்குள் ஒரு குட்டிக் கல் இருக்கும். மரத்தை வெட்டினால் தெரிவது மாதிரி அதிலும் வருஷ வளையங்கள். ஆரம்பத்தில் அதைச் சரியாக எண்ணவில்லை. மற்ற மீன் மாதிரி சீக்கிரம் வளரும் என்றே நினைத்தார்கள். 1991-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்தக் கல்லில் இருக்கும் ரேடியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, நூறு வயசைத் தாண்டும் என்று காட்டினார்கள்.

ஆனால் மீன்பிடிப்பு அதுவரை காத்திருக்கவில்லை. முட்டையிட இந்த மீன்கள் கடலடி மலைகளில் பெருங்கூட்டமாகச் சேரும். டாஸ்மேனியாவின் வடகிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 1989-ல் அப்படி ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. வலை போட்டால் அள்ளலாம். 1990-ல் ஆஸ்திரேலியாவில் பிடித்தது 40,000 டன்னைத் தாண்டியது. சில வருஷத்திலேயே சரிந்தது. 2006-ல் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது சில இடங்களில் அளவு வைத்துப் பிடிக்க அனுமதி உண்டு.

என் வேலையில் ஒரு பாடம்: உள்ளே கொடுக்கும் எண் தப்பென்றால், வெளியே வரும் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்புதான். இங்கே தப்பான எண், மீனின் வயசு. புரோகிராமில் பிழை வந்தால் மறுநாள் திருத்திவிடலாம். இதைத் திருத்த ஒரு தலைமுறை போதாது. இன்றைக்குப் பிறக்கும் மீன் முட்டையிடும்போது என் மகளுக்கு என் வயசு ஆகியிருக்கும்.

காலையில் அவளிடம், "நேத்து அப்பா சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ நாம ஒரு பாட்டியைச் சாப்பிட்டோமா?" என்றாள். என்ன பதில் சொல்வது?

இனிமேல் நாங்கள் இந்த மீனை வாங்குவதில்லை என்று முடிவு. மற்ற மீன் வாங்கும்போதும் கடைக்காரரிடம் மூன்று கேள்வி: இது என்ன மீன், எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது? கேட்பது மகளின் வேலை. நீங்களும் அடுத்த முறை பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நம்மிடம் பதில் இல்லாத கேள்வியையும் அவர்கள் கேட்பார்கள். அப்போது என்னை மாதிரி அடித்துவிடாமல், "தெரியலை, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிவிடுங்கள்.