லிட்டருக்கு இருபதா, நாப்பதா?

மயிலாடின்னா எல்லாருக்கும் கல் சிற்பம்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது கல்லு விஷயம் இல்ல, மரம் விஷயம். மரம் அறுக்குற மெஷின் வாளுக்கு, அதாங்க செயின் சாவுக்கு, பெட்ரோல்ல டூடி ஆயில் எவ்வளவு கலக்கணும்? (மொக்கை மேட்டரா தெரியுதா? கொஞ்சம் பொறுங்க மக்களே.)

போன தடவை ஊருக்குப் போனப்ப சித்தப்பா பையன் புதுசா ஒரு மெஷின் வாங்கி வச்சிருந்தான். "அண்ணா, அந்தக் காலத்துல டிவிஎஸ் 50க்கு ஊத்துன மாதிரி ஒரு குத்துமதிப்பா ஊத்திட்டேன்" என்றான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. காரணம் இருக்கு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாஞ்சு கிடந்தது. எங்க தெருவுலயும் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே. மெஷின் வாள் வச்சிருந்தவங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. அறுக்க வந்த அண்ணாச்சி கேனை என் கையில கொடுத்து, "மக்கா, லிட்டருக்கு நாப்பது மில்லி ஊத்திக் கலக்கு" என்றார். நான் அப்போ இன்ஜினியரிங் மாணவன். மெஷின்ல 50:1 என்று போட்டிருந்தது. கணக்கு போட்டா லிட்டருக்கு இருபதுதான். "நாப்பது போட்டா புகைதான் வரும் அண்ணாச்சி" என்று அளந்து விட்டேன். படிச்ச பிள்ளை சொல்லுதே என்று அவரும் விட்டுட்டார்.

மறுநாள் மத்தியானம் மெஷின் நின்னது. கயிறு இழுத்தா அசையல. ஒர்க்‌ஷாப்ல கழட்டினப்போ பிஸ்டன்ல, புகை போற பக்கம், கீறல் கீறலா இருந்தது. "ஆயில் பத்தல" என்றார் மெக்கானிக்.

நான் பண்ணின தப்பு கணக்குல இல்ல. 50:1 என்பது தனியா நிக்கிற நம்பரே இல்லை, அது ஒரு குறிப்பிட்ட ஆயிலோட சேர்ந்தது. ஸ்டில் கம்பெனி கையேடுகளைப் பாருங்க: எங்க ஆயில்னா 50:1, வேற டிசி தர ஆயில்னா 25:1. அதாவது லிட்டருக்கு நாப்பது! அன்னைக்கு நாங்க ஊத்தினது கடையில கிடைச்ச சாதா டூடி. அண்ணாச்சி கையேடு படிச்சதில்ல, ஆனா அவர் சொன்ன அளவுதான் சரி. நான் பாதி வரி படிச்சிட்டு பேசினேன்.

அதுக்காக "கூட ஊத்தினா மெஷினுக்கு நல்லது" கட்சியிலயும் நான் இல்ல. பொங்கலுக்கு நெய் ஊத்துற மாதிரி இல்ல இது. ஆயில் கூடினா அதே அளவு கலவையில பெட்ரோல் குறையும், காத்து விகிதம் ஏறி சூடு கூடும். பிளக்குலயும் சைலன்சர்லயும் கரி அடையும். குறைஞ்சா இன்னும் மோசம். மெஷின் வாளோட டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு தனி ஆயில் தொட்டி கிடையாது, கலவையில வர்ற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. மெஷின் வாள் நிமிஷத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடுற ஜென்மம், டிவிஎஸ் 50 கணக்கெல்லாம் இதுக்கு ஒத்துவராது.

எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு எச்சரிக்கை. கடற்கரைப் பக்கம் வள்ளத்து எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ 3 ஆயில் கிடைக்கும். அது தண்ணியால குளிர்ற எஞ்சினுக்கானது. இது காத்தால குளிர்றது, அதை இதுல ஊத்தாதீங்க. டப்பாவுல ஜாசோ எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஏதாவது இருக்கான்னு பாருங்க. அப்புறம் இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். நிறைய மெஷின் கையேடுகள் 10 சதவீதத்தோட நிறுத்திக்குது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயையும் பதம் பார்க்கும். அதனால மாசக்கணக்குக்கு கலந்து வைக்காம அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிஞ்சதும் டேங்கை காலி பண்ணிடுறதுதான் என் கட்சி. தம்பிக்கு மெடிக்கல்ல ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கிக் கொடுத்து, பழைய கலவையைக் கொட்ட வச்சிட்டுத்தான் கிளம்பினேன்.

அண்ணாச்சிக்கு அந்த ஒரு வாரம் போச்சு. ஊர்ல எல்லார் வீட்டு வாசல்லயும் மரம் கிடந்த வாரம். புது பிஸ்டன் செட்டுக்கு அப்பா காசு கொடுத்தார், போன கூலிக்கு யாரும் கொடுக்கல. அவர் என்னைத் திட்டினதே இல்ல. இப்பவும் பஸ் ஸ்டாப்ல பார்த்தா சிரிச்சிட்டே ஒண்ணுதான் கேப்பார்: "என்ன மக்கா, இருபதா நாப்பதா?"